சொம்மா சொன்ன ஓட்டு

எங்கள் அத்தை கவுன்சிலர் தேர்தலில் நின்றதற்குக் காரணம் பாமாயில். மக்களுக்காக உயிரையும் கொடுப்பேன் என்பதெல்லாம் பின்னால் நோட்டீஸ் அடித்தபோது பிரஸ்காரர் தாமாகச் சேர்த்த வரிகள். அத்தைக்கு உயிரைக் கொடுக்கிற எண்ணம் சுத்தமாக இல்லை. சொல்லப்போனால் அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவள் தேர்தலுக்கே வந்தாள்.

பட்டாபிராமில் நாங்கள் இருந்த பக்கத்துக்கும் ரேஷன் கடை இருந்த பக்கத்துக்கும் நடுவே தண்டவாளம். மிலிட்டரி கிடங்குக்குப் போகிற கூட்ஸ் வண்டி ஒன்று வந்து குறுக்கே நின்றுவிட்டால், அது எப்போது கிளம்பும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. சுற்றிக்கொண்டு போனால் கடையை மூடிவிடுவார்கள். அதனால் பெண்கள் அரிசிப் பையை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து வருவார்கள். ஒருநாள் அத்தை பாமாயில் பாக்கெட்டுகளை மடியில் கட்டிக்கொண்டு அப்படிப் புகுந்த நேரம் பார்த்து வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. அத்தை ஜல்லியில் குப்புற விழுந்து, உருண்டு, எப்படியோ தப்பித்தாள். பாக்கெட் உடைந்து புடவை முழுக்க எண்ணெய்.

அந்தப் புடவையோடு நேரே ரேஷன் ஆபீசுக்குப் போய், ரேஷன் கடையை இந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லி மனு கொடுத்தாள். கவுன்சிலரிடம் லெட்டர் வாங்கி வரச் சொன்னார்கள். கவுன்சிலர் தண்ணீர் லாரி வைத்திருந்தவர். ஊரில் எல்லாரும் அவரை லாரிக்காரர் என்றே சொல்வோம். அவர், பார்த்துக்கலாம்க்கா என்றார். எத்தனை தடவை போனாலும் அதையே சொன்னார். இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் வந்துவிட்டது. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். லாரிக்காரர் தன் வீட்டுக்காரம்மாவை நிறுத்தினார். அன்றைக்கு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"லெட்டரு கவுன்சிலர் குடுக்கணுமாம். நானே கவுன்சிலராயிட்டா எனக்கு நானே எய்திக் குடுத்துக்கினு போறேன். இன்னா இப்போ?"

அப்பாவுக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான். அவர் டீ குடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஆடிப்போனது அத்தை வீட்டுக்காரர், எங்கள் மாமாதான். ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை. மத்திய சர்க்கார் ஊழியன் அரசியல் பேசினால் மெமோ வரும், மெமோ வந்தால் பென்ஷன் போகும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் அத்தை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து அவர் அத்தையைத் தெருவில் பார்த்தால் தெரியாதவர் மாதிரி நடந்துகொண்டார். நாங்கள் ஊர்வலமாக வந்தால் எதிர்ப்பக்கம் போய் நின்று சுவரில் இருக்கிற சினிமா போஸ்டரைப் படிப்பார். யாராவது போய், உங்க வீட்டம்மாவுக்கு ஆதரவு எப்படி இருக்கு என்று கேட்டால், நான் சென்ட்ரல் கவர்மெண்ட் என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் அந்த நாட்களில் அவர் அதையேதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அத்தைக்குக் கிடைத்த சின்னம் சீப்பு. எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அட்டையில் ஆளுயரச் சீப்பு ஒன்று வெட்டி, "சிக்கெடுக்கும் சீப்பு, சீக்கிரம் போடுங்க ஓட்டு" என்று கத்திக்கொண்டு போவோம். சீப்பு என்றதும் வாழைப்பழச் சீப்பு என்று நினைத்துக்கொண்ட பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக அத்தை நின்று, கொண்டையை அவிழ்த்து, வாரிக் காட்டுவாள். லாரிக்காரர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மாமாவுக்கு முழு வழுக்கை. ஊட்டுக்காரர் தலைக்கே ஒதவாத சீப்பு ஊருக்கு இன்னாத்துக்கு ஒதவும் என்று மைக் கட்டிக் கேட்டார்கள். அத்தையே விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா மட்டும் அன்றிலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

லாரிக்காரர் வீட்டுக்காரம்மா யாருக்கும் கெடுதல் நினைக்காத பெண்மணி. போஸ்டரில் அவர் புருஷன் படம் ஆள் அளவுக்கு இருக்கும். அந்தம்மா படம் தபால்தலை அளவுக்கு ஒரு மூலையில் இருக்கும். ஓட்டுக் கேட்டு வரும்போதும் புருஷன் பேசுவார், அந்தம்மா கும்பிடுவார். தேர்தல் முடிகிற வரைக்கும் அந்தம்மா குரலை நாங்கள் கேட்டதில்லை. கையை இறக்குவதற்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது, பாவம்.

அத்தை ஜெயிப்பாள் என்பதில் முதலில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. அந்த வார்டில் கூட்ஸ் வண்டிக்கு நடுவே புகுந்து வராத பெண் யார்? மாவு மில்லில் அத்தை பேச்சு, காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் அத்தை பேச்சு. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறவர்கள் லாரிக்காரருடைய தண்ணீரைப் பிடித்துக்கொண்டே அத்தைக்குத்தான் ஓட்டு என்று பேசிக்கொண்டார்கள். உனக்குப் போடாம வேற யாருக்குக்கா போடப் போறோம் என்று அத்தையிடம் சொல்லாதவர்களே இல்லை. அது முகத்துக்காகச் சொன்னதும் அல்ல, மனசாரத்தான் சொன்னார்கள். அப்பா டீக்கடையிலிருந்து வந்து, ஊரே அக்கா பக்கம் கீது என்று அம்மாவிடம் சொல்வார்.

அப்போதுதான் கேபிள்காரர் வந்தார்.

கேபிள்காரர் லாரிக்காரருடைய மச்சான். தன் அக்கா தேர்தலில் நிற்கும்போது தம்பி சும்மா இருக்க முடியுமா? மாசா மாசம் கலெக்‌ஷனுக்கு வருகிறவர், இந்த மாசம் காதில் ஒரு பேனாவும் கையில் ஒரு அட்டையுமாக வந்தார். கருத்துக் கணிப்பு என்றார். கேபிளில் எங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு சேனல் ஓடும். பழைய படம் போடுவார்கள், அடியில் பிறந்தநாள் வாழ்த்தும் மஞ்சள் நீராட்டு வாழ்த்தும் எழுத்தாக ஓடிக்கொண்டிருக்கும். அதிலே கணிப்பு முடிவைப் போடப் போவதாகச் சொன்னார். அவர் எங்கள் வாசலில் வந்து நின்றது சீரியல் நேரம். சீரியலில் மருமகள் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவள் கண்ணைத் திறப்பாளா மாட்டாளா என்று அம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஒருமுறை கேபிள்காரரோடு சண்டை போட்டதில், அந்த மாசம் முழுக்க அவர்கள் டிவியில் கோடு கோடாக ஓடியது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஓட்டு யாருக்குக்கா என்று கேபிள்காரர் கேட்டார். அம்மா ஒரு தடவை டிவியைப் பார்த்தாள், ஒரு தடவை அவரைப் பார்த்தாள். பிறகு, உங்க அக்காவுக்குத்தான், வேற யாருக்கு என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டைச் சீப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறேன். சொந்த நாத்தனார் நிற்கிறாள், இப்படிச் சொல்கிறாளே என்று, அவர் போனதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொம்மா சொன்னேன்டி. வாயில சொன்னா ஓட்டாயிடுமா? நெசத்தச் சொன்னா லைனப் புடுங்கிக்கினு போயிடுவான்," என்றாள். சரி, சும்மா சொன்னதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். மருமகளும் அன்றைக்குக் கண்ணைத் திறந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். கதாநாயகன் அம்மாவைத் தேடி ஓடிக்கொண்டிருந்தான். அடியில், அன்புச் செல்லத்துக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்து என்று ஓடியது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று வந்தது: நமது வார்டு மக்கள் கருத்துக் கணிப்பு, அண்ணியார் அமோக முன்னிலை. சீப்புக்கு ஆதரவு சொன்னவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே என்று அதற்கும் கீழே ஒரு வரி.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கை அப்படியே நின்றது. அடிப்பாவிங்களா என்றாள். மாவு மில்காரம்மா, தையல் மிஷின்காரம்மா, ஸ்டேஷன் பக்கத்தில் பூ விற்கிற அக்கா என்று ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்து, இவளுமா, இவளுமா என்று திகைத்துப் போனாள். நீயும்தானேம்மா அப்படிச் சொன்னே என்று நான் கேட்டேன். நான் சொம்மா சொன்னேன், அவுங்களுக்கு இன்னாத்துக்குப் பொய் சொல்லணும் என்றாள் அம்மா. அவள் அதைக் கேட்ட விதத்தில் எனக்கும் அது சரியென்றே பட்டது.

அப்பா டீக்கடையிலிருந்து வேறு மாதிரி பேசிக்கொண்டு வந்தார். நாம போடுவோம், ஆனா ஊரு போடாது என்றார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் இந்த ஊரு பேச்சுத்தான். ஒவ்வொருவரும் ஏதோ வேறு தேசத்திலிருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர் மாதிரி, ஊரு அப்படி நினைக்கிறது, ஊரு இப்படி முடிவு பண்ணிவிட்டது என்று சொன்னார்கள். அந்த ஊரு யார் என்று கேட்க ஆளில்லை. இதோடு இன்னொரு பயமும் சேர்ந்தது. ஓட்டு எண்ணும்போது எந்த பூத்தில் யாருக்கு எவ்வளவு என்று மிஷின் காட்டிக் கொடுத்துவிடுமாம். லாரிக்காரர் எப்படியும் ஜெயிக்கத்தான் போகிறார். ஜெயித்த பிறகு, ஓட்டுப் போடாத தெருப் பக்கம் தண்ணீர் லாரி திரும்புமா? தோற்கப்போகிற ஆளுக்குப் போட்டு ஓட்டையும் வேஸ்ட் ஆக்கி, தண்ணீரையும் கெடுத்துக்கொள்வானேன் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அத்தையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. வாசலில் நின்று கேட்டால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். ரொம்ப அலையாதக்கா, உடம்பப் பாத்துக்கோ என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வேட்பாளரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். குடிகாரன் என்று சொன்னவனும் ஜெயித்திருக்கிறான், அடாவடி என்று சொன்னவனும் ஜெயித்திருக்கிறான். பாவம் என்று சொல்லிவிட்டால் மட்டும் அவன் கதை முடிந்தது. அத்தைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. ஜெயிக்க மாட்டா, பாவம் என்று, அவளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டுக்கொண்டு சொன்னார்கள். எனக்கு ஒரே ஆத்திரம். காபி கொடுத்த வீடுகளில் எல்லாம் குடிக்காமல் வந்தேன்.

அத்தை மனசு உடைந்து உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு சாயங்காலம்தான். அட்டைச் சீப்பின் ஒடிந்த பல்லை ஒட்டவைத்துக்கொண்டே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் பேசினாங்க கண்ணு, இன்னா ஆச்சுன்னே தெரியல என்று என்னிடம் சொன்னாள். அம்மா கேபிள்காரரிடம் சும்மாதான் சொன்னாள், நீ அழாதே என்று நான் சொல்லிவிட்டேன். அத்தை ஒட்டுவதை நிறுத்தினாள். நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு தட்டு தட்டினாள் பாருங்கள் என் முதுகில், இன்றைக்கும் வலிக்கிறது. ஒரு வீட்டில் சும்மா சொல்லியிருந்தால் எல்லா வீட்டிலும் சும்மாதானே சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குப் பட்டென்று பிடிபட்டுவிட்டது. எனக்குப் பிடிபடவில்லை. அத்தை சிரித்தாளே, அது போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் வரிசையாக இருந்தன. வார்டில் பாதிப் பெண்கள் அங்கேதான். அத்தை லாரிக்குப் பக்கத்தில் இருந்த கல்மேல் ஏறி நின்று, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கேபிள்காரங்கிட்ட சொம்மா சொன்னவங்கல்லாம் கையத் தூக்குங்க. நான் ஒண்ணியும் கோச்சுக்க மாட்டேன்."

ஒரு கைகூட எழவில்லை. லாரி டிரைவர் ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். யார் கையும் மேலே இல்லை என்று எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதற்குள்ளே எதையோ தேடுகிற மாதிரி குனிந்திருந்தாள். நான் என் கையைத் தூக்கினேன். அம்மா எட்டி அதை இழுத்து இறக்கிவிட்டாள். அத்தை இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கல்லைவிட்டு இறங்கித் தன் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் கடைசியில் போய் நின்றாள். அவ்வளவு நேரமும் தண்ணீர் ஒரு குடத்தில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அதை நகர்த்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

ஓட்டுப் போட அம்மா என்னையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்னை வேப்பமரத்தடியில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனாள். வெளியே வந்ததும், சீப்பு எத்தனையாவது இருந்ததும்மா என்று கேட்டேன். வெயில் ஏறுது வா என்றாள்.

அத்தை தோற்றாள். அமோகமாகவும் இல்லை, கேவலமாகவும் இல்லை. எங்கள் தெருப் பெண்கள் மட்டும் பேசினபடி போட்டிருந்தாலே ஜெயித்திருப்பாள் என்கிற அளவு வித்தியாசம். விரல்விட்டு எண்ணலாம் என்று சொன்ன சீப்புக்கு இவ்வளவு ஓட்டா என்று லாரிக்காரரே வெலவெலத்துப் போனாராம். அந்தப் பயத்திலோ என்னவோ, பின்னால் ஒரு வருஷத்தில் ரேஷன் கடை எங்கள் பக்கம் வந்தேவிட்டது. அவருடைய சொந்தக் கட்டடத்துக்குத்தான் வந்தது, வாடகையும் அவருக்குத்தான். அண்ணன் சொன்னார், செஞ்சார் என்று போஸ்டர் அடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அத்தை அதைப் படித்துவிட்டு, எண்ணெ வந்தா சரி என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எண்ணிக்கை முடிந்த அன்று சாயங்காலம் அத்தை வீட்டில் கூட்டம் கொள்ளவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள். மாமா பல நாள் கழித்துத் தொப்பி இல்லாமல் அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீங்களாவது அக்காவுக்குப் போட்டீங்களாண்ணே என்று யாரோ கேட்டதற்கு, நான் சென்ட்ரல் கவர்மெண்ட் என்றார். நான் அத்தையின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அதனால் ஒவ்வொருத்தியும் வந்து அத்தை காதில் குசுகுசுவென்று சொன்னது எனக்கும் கேட்டது. முதலில் மாவு மில்காரம்மா வந்தாள்.

"யக்கா, மனசு கேக்கல. நா ஒண்டிதான் மாத்தி அமுக்கிட்டேன். நா ஒண்டி போட்டு இன்னா ஆவப் போவுதுன்னு உட்டுட்டேன்."

மட்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒண்டி என்போம். நான் மட்டும்தான் மாற்றிப் போட்டுவிட்டேன் என்கிறாள். அத்தை அவள் கையைத் தட்டிக்கொடுத்து அனுப்பினாள். அடுத்து வந்த தையல் மிஷின்காரம்மாவும் குனிந்தாள். நா ஒண்டிதான்க்கா என்றாள். பூக்கார அக்கா வந்தாள். அவளும் ஒண்டிதான். முன்னால் வந்தவள் என்ன சொன்னாள் என்று பின்னால் வந்தவளுக்குத் தெரியாது; எல்லாரும் அதே ரகசியத்தை அதே குரலில் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். நாலைந்து பேர் வந்துபோனதும் அத்தையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளோ என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு பொங்கியது. அடுத்தவள் குனிவதற்கு முன்னாலேயே, இன்னா நீயும் ஒண்டியா என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். ஒண்டி என்றால் ஒருத்திதான். இத்தனை பேர் ஒண்டியாக இருக்க முடியாது. ஆகவே யாரோ ஒருத்திதான் மாற்றிப் போட்டிருக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் அத்தை மனசு ஆறட்டும் என்று பழியைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். காபியைக் குடிக்காமல் வந்தோமே, எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எழுந்து போய் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அம்மா அதுவரை கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் வந்துபோன பிறகு வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் குனிந்து காதில் என்னவோ சொன்னாள். நான் தண்ணீர்ச் செம்போடு அந்தக் கோடியில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை. அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, பரவால்ல உடு என்றாள்.

எனக்கு அம்மா மேல்தான் கோபம் வந்தது. மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் அத்தை எப்படிச் சிரித்தாள். சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல நம் அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.